கணவாய்க்கு அப்பால் ஒரு குன்று

“தம்பி, பையை ஆத்துல வைக்காதீங்க. இன்னும் காயல.”

வீட்டுக்காரம்மா தலையைக்கூட நிமிர்த்தாமல் சொல்கிறார். வலது கையில் ஒரு டீஸ்பூன். அதன் முதுகால் ஒரு பள்ளத்தாக்கை வழித்துக்கொண்டிருக்கிறார். இடது கையில் பாதி கடித்த ரொட்டி. அதன் ஓரத்தில் ஈர பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறது. சொல்லலாமா வேண்டாமா என்று நான் யோசிப்பதற்குள் அந்த ஓரமும் உள்ளே போய்விடுகிறது. “இன்னிக்கு ரொட்டி நல்லா மொறுமொறுன்னு இருக்குல்ல?” என்று கேட்கிறார். ஆமாம் என்கிறேன். மாடியில் வாடகைக்கு இருப்பவன் வேறென்ன சொல்வான்?

என் அறை மாடியில். மாடிப்படி இருப்பது அவர்கள் வீட்டுக் கூடத்துக்குள். கூடத்தில் இருப்பது ஒரு மலைத்தொடர். ஆகவே நான் தினமும் காலையில் மலையைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறேன்; சாயங்காலம் மலையைச் சுற்றிக்கொண்டு திரும்புகிறேன். குடிவரும்போது ‘நல்ல காற்றோட்டம்’ என்றுதான் சொன்னார்கள். மலைக்காற்று என்று ஒருவரும் எச்சரிக்கவில்லை.

தெருவில் அவருக்கு மலைக்காரம்மா என்று பெயர். பள்ளிக்கூடங்களுக்கும் அலுவலகங்களுக்கும் மேடுபள்ளத்தோடு நிலப்பட மாதிரிகள் செய்து கொடுப்பது தொழில். நிலப்படத்தில் வளைந்து வளைந்து ஓடும் உயரக் கோடுகளை ஒவ்வொன்றாகத் தடித்த அட்டையில் வெட்டுவார். பெரிய அட்டை அடியில், சின்னது மேலே என்று அடுக்கி ஒட்டுவார். படிப்படியாக நிற்கும் அந்தக் குவியலின்மேல் காகிதக் கூழும் பிளாஸ்டரும் பூசி வழித்தால் மலை. எழுதும்போது இவ்வளவுதான். கிட்டே நின்று பார்த்தால் தலை சுற்றும். பசை வாசனையும் ஒரு காரணம்.

இந்த முறை வந்திருப்பது ஊர் நூலகத்தின் புதுக் கூடத்துக்கான வேலை. ஊரிலிருந்து பார்த்தால் தெரியும் மலைத்தொடர் முழுவதையும் ஒரு மேசைமேல் கொண்டுவர வேண்டும். மேசைப் பலகையைத் தச்சர் முன்கூட்டியே செய்து கூடத்தில் இறக்கிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் நேராக நடந்ததில்லை.

மலையின் எல்லைகளை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். வடக்கே, ஜன்னல் பக்கம், ஆறு; மலையின் தலையை ஒரு சுற்றுச் சுற்றி வளைந்து போகிறது. மேற்கே, சமையலறைப் பக்கம், சுவர்போல செங்குத்து. அங்கேதான் மழை அதிகம். குக்கர் சத்தம் போடும்போதெல்லாம் “பாத்தீங்களா, மேற்குலதான் மேகம்” என்பார். கிழக்கே, மாடிப்படிப் பக்கம், விரித்த கைவிரல்கள்போல சரிவுகள் நிதானமாகச் சமவெளிக்கு இறங்குகின்றன. என் பை இடிப்பது அந்த விரல்களில்தான். தெற்கே கணவாய். சாலையும் ரயில் பாதையும் அதற்குள் புகுந்து அந்தப் பக்கம் போகின்றன. கணவாயைத் தாண்டி இரண்டு விரல் அகலத்துக்குச் சமவெளி. அதோடு மேசை முடிந்துவிடுகிறது.

வீட்டில் வழி சொல்வதும் பொருள் தேடுவதும் இதை வைத்துத்தான். “சாவி எங்க?” என்று கணவர் கேட்டால் “மூணாவது சிகரத்துக்குப் பின்னாடி” என்று பதில் வரும். சிகரங்களுக்கு அவரே பெயர் வைத்திருக்கிறார். ஒட்டகம், பல்வலி, தூங்குமூஞ்சி. பல்வலி என்பது ஒரு பக்கம் மட்டும் வீங்கிய சிகரம். டி.வி. ரிமோட் ஒரு வாரம் காணாமல் போய்க் கிழக்குக் காட்டுக்குள் அகப்பட்டது. அதற்கும் பச்சை வண்ணம் அடித்திருந்தார். இன்றைக்கும் அதில் எது ஒலி, எது சானல் என்று ஒருவருக்கும் தெரியாது.

மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றிமேல் ஒரு கண்ணாடி, இரண்டையும் வைத்துக்கொண்டு மூன்றாவதைத் தேடுவார். கணவருக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. அதனால் வீட்டில் கண்ணாடிக்குப் பஞ்சமில்லை. பேச்சு உரக்க வரும். கோபம் வந்தால் இன்னும் உரக்க வரும். ஆனால் டீஸ்பூன் மட்டும் பூனைக்குட்டியைத் தடவுவதுபோல நகரும்.

ஒரு பகுதி முடிந்ததும் கடுகு டப்பாவை எடுப்பார். ஒரு கை கடுகை மலை உச்சியில் தூவுவார். கடுகு உருண்டு உருண்டு ஓடைகளில் இறங்கி ஆற்றில் சேர வேண்டும். வழியில் எங்காவது தேங்கினால் அந்த இடத்தில் வேலை தப்பு. நிஜத்தில் இல்லாத குளம் ஒன்று உருவாகியிருக்கிறது என்று அர்த்தம். மறுபடி ஸ்பூன், மறுபடி கடுகு. சோதனை முடிந்த கடுகைத் துடைத்து டப்பாவிலேயே போட்டுவிடுவார். அந்த வீட்டுச் சாப்பாட்டில் அவ்வப்போது மலை வாசனை அடிப்பதற்கு இதுதான் காரணம்.

மலை எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்பதில் மட்டும் அவரிடம் பேச்சுக்கே இடமில்லை. “கோடு எங்க இறங்கித் தரையோட சேருதோ அங்க மலை முடிஞ்சுது. நம்ம ஆசைக்கெல்லாம் மலை நீளாது தம்பி.” தலைகீழாக நின்றாலும் இதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

வம்பு அங்கேதான் வந்தது. கணவர் பிறந்தது கணவாய்க்கு அந்தப் பக்கம், சமவெளி நடுவே ஒற்றையாக நிற்கும் ஒரு குன்றின் அடிவாரத்தில். ஆனால் அவர் தன்னை மலைநாட்டான் என்றுதான் சொல்லிக்கொள்வார். நாங்களெல்லாம் விசிறியும் கையுமாக இருக்கும் நடுப்பகலில் அவர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். “மலைக்காத்துல வளர்ந்த உடம்பு, பழக்கத்த விட முடியல.” வேர்வை தாடையிலிருந்து சொட்டும். துணி உலர்த்த மாடிக்கு வரும்போது பாதிப்படியில் நின்று மூச்சு வாங்குவார். என்னைக் கண்டால், “அவசரப்படக் கூடாது தம்பி, ரசிச்சு ரசிச்சு ஏறணும், மலைக்காரங்க அப்படித்தான்” என்பார். அங்கே ரசிப்பதற்கு மின்சார மீட்டரைத் தவிர ஒன்றும் கிடையாது.

கல்யாணத்துக்கு முன்பே மலைநாட்டான் என்று சொல்லித்தான் மலைக்காரம்மாவைக் கட்டினாராம். அவரும் நம்பினாராம். பிறகு இந்தத் தொழிலுக்கு வந்து, உயரக் கோடு படிக்கக் கற்றுக்கொண்டதும், முதல் வேலையாகப் புகுந்த வீட்டு மலையைத் தேடியிருக்கிறார். மலைத்தொடரின் கோடுகள் கணவாயில் இறங்கி முடிந்துவிடுகின்றன. அதற்கப்புறம் வெறும் சமவெளி. வெகுதூரம் தள்ளி அந்தக் குன்று, யாருக்கும் சொந்தமில்லாமல் தனியாக. “அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு தம்பி. சொல்லல. குடும்பம்னா சில கோட்டைப் படிக்காத மாதிரி இருந்துடணும்.” இத்தனை வருஷம் அப்படியே இருந்துவிட்டார். நூலகத்து மேசை வந்து மாட்டிவிட்டது.

கணவருக்கு ஓர் அக்கா. இன்னமும் அந்தக் குன்றடியில்தான் இருக்கிறார். ஊருக்கே கேட்கும் குரல். போன் வேண்டியதே இல்லை, ஆனாலும் தினமும் காலையில் போன் செய்வார். “என்னடி, எங்க மலை வளர்ந்துடுச்சா?” மலைக்காரம்மா, “வேலை நடக்குது அண்ணி” என்று சொல்லிவிட்டு மேற்குச் சரிவின் பின்னால் ஒளிந்துகொள்வார். போன் கணவர் கைக்குப் போகும். கணவர், “நம்ம மலை இல்லாமலாக்கா? என் பொண்டாட்டி பண்றா, விட்டுடுவாளா?” என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அக்கா அதைத் தெரு முழுக்கச் சொல்லி, திறப்பு விழாவுக்கு வருவதற்கு ஒரு வேனையும் ஏற்பாடு செய்துவிட்டார். சொந்தபந்தம் மொத்தமும் வருகிறது, தங்கள் மலையை மேசைமேல் பார்க்க.

கணவர் வேலையில் இறங்கினார். முதல் நாள் டீ போட்டுக் கொடுத்தார். அடுத்து பாத்திரம் கழுவினார். மூன்று கண்ணாடிகளையும் தினம் துடைத்து வரிசையாக வைத்தார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

“ஏம்மா, சின்னக் குன்றுதானே? ஓரத்துல ஒட்டிடேன்.”

“மேசையில இடமில்லங்க.”

“கொஞ்சம் பக்கத்துல தள்ளிக்கிட்டா?”

“எதை? ஊரையா?”

“மலைய இருக்கிற அளவுக்குப் பண்ணா தெரியாது, கசங்கின போர்வை மாதிரி இருக்கும்னு உயரத்த மூணு மடங்கு தூக்கிப் பண்றே. உயரத்துல மூணு மடங்கு பொய் சொல்றவ, நீளத்துல ஒரு சாண் பொய் சொல்ல மாட்டியா?”

நான் படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நல்ல கேள்வியாகத்தான் பட்டது. மலைக்காரம்மா ஸ்பூனைக் கீழே வைத்தார். “தூக்கினா எல்லா மலையையும் ஒரே மாதிரிதான் தூக்கறேன். ஒருத்தருக்கு மட்டும் தூக்கினாத்தான் அது பொய்” என்றார். கணவர் மறுபடியும் பாத்திரம் கழுவப் போனார். அன்று கழுவ ஒன்றும் இல்லை, கழுவியதையே கழுவினார்.

நூலகர் வேலையைப் பார்வையிட வந்த நாள்தான் உச்சம். நூலகர் பரம சாது. யார் என்ன சொன்னாலும் “அதுவும் சரிதான்” என்பார். ஆற்றைப் பார்த்துத் தலையாட்டினார். ஒட்டகத்தைப் பார்த்துச் சிரித்தார். அப்படியே தெற்கு ஓரத்துக்கு வந்து நின்று, “அடடா! இந்த மலைதாம்மா ரொம்ப இயற்கையா இருக்கு” என்றார்.

மலைக்காரம்மா மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளி, மேல் கண்ணாடியைக் கீழே இறக்கினார். கணவாய்க்கு அந்தப் பக்கம், இரண்டு விரல் சமவெளியில், முந்தின நாள் இல்லாத ஒரு மலை நின்றது. பெரிய உருளைக்கிழங்கு அளவு. மலைத்தொடரிலேயே அதுதான் உயரம். ஒட்டகம் அதன் முன்னால் ஆட்டுக்குட்டி. கட்டியவர் இடம் போதாமல் கணவாயையும் அடைத்திருந்தார்.

மலைக்காரம்மா கடுகு டப்பாவை எடுத்துக் கணவாயில் ஒரு பிடி தூவினார். இரண்டு பக்கமும் இறங்கி ஓட வேண்டிய கடுகு அப்படியே நின்றது.

“கணவாயில கடுகு நிக்குது” என்றார். “யாரோ என் மலையில கை வச்சிருக்காங்க.”

“எலியா இருக்கும்” என்றார் கணவர், ஸ்வெட்டர் கையை இழுத்து விட்டுக்கொண்டு. கையெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாவது பரவாயில்லை. இவர் முழு மலையை ஸ்வெட்டருக்குள் மறைக்கப் பார்த்தார்.

“எலிக்குக் கட்டைவிரல் இருக்கா?” மலையின் உச்சியில் கட்டைவிரல் ரேகை பளிச்சென்று பதிந்திருந்தது. “ரயில் எங்கங்க போகும்? உங்க அக்கா ஆசைக்காக ரயிலை நிறுத்த முடியுமா?”

மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை கேட்டிருக்கிறேன். எலி மலையைக் கட்டிய கதையை அன்றுதான் கேட்டேன்.

“இருந்துட்டுப் போகட்டுமே, அழகாத்தானே இருக்கு” என்றார் நூலகர். “அது அங்க இல்ல சார்” என்றார் மலைக்காரம்மா. “அதுவும் சரிதான்” என்றார் நூலகர். கத்தி வந்தது. உருளைக்கிழங்கு மலை மேசையை விட்டுப் போனது. கணவாய் திறந்தது. கடுகு ஓடியது.

அன்று சாயங்காலம் கணவர் ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து அலமாரியில் வைத்துவிட்டார். மறுநாள் ஈரத்துணி வாளியோடு மாடிக்கு வந்தவர் பாதிப்படியில் நிற்கவே இல்லை. விறுவிறுவென்று ஏறினார். “இத்தன வருஷமா மலைக்காரன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் தம்பி. சாதாரண ஆள்தானாம்” என்று சொல்லிவிட்டுத் துணியை உதறினார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு மனிதன் இவ்வளவு வேகமாகப் படியேறியதைப் பார்த்து நான் வருத்தப்பட்டது அதுதான் முதல்தடவை.

கீழே இருந்தவருக்கும் மனசு சரியில்லை. என் பை எதையும் இடிக்காதபோதே திட்டினார். ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்க மறந்தார். “அந்த மனுஷன் ஸ்வெட்டர் இல்லாம வந்து நின்னாரு. ஒரு நிமிஷம் யாரோன்னு நெனச்சுட்டேன்” என்றார். “அண்ணி வந்து எல்லார் முன்னாடியும் கேப்பாங்க. இவரு முகத்த எங்க கொண்டுபோய் வெச்சுப்பாரு? ஆனா இல்லாத எடத்துல மலைய வெக்க என்னால முடியாது தம்பி. கை வராது.” பிறகு பீரோமேலிருந்து ஒரு நிலப்படச் சுருளை இறக்கி, தூசி தட்டி, தரையில் விரித்துக்கொண்டு குப்புறப் படுத்துவிட்டார். கணவாய்க்குத் தெற்கேயுள்ள சமவெளியின் படம் அது. அவருடைய வேலைக்கு அது தேவையே இல்லை.

திறப்பு விழா அன்று நூலக வாசலுக்கு வேன் வந்தது. அக்கா முதலில் இறங்கினார். பின்னால் சொந்தங்கள் வரிசையாக. கணவர் சுவரோரம் போய் நின்று, மின்விசிறியின் இறக்கைகளை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். மேசையின் வடக்கு முனையிலிருந்து பார்வை ஆரம்பமானது. “ஆறு நல்லாருக்கு” என்றார் அக்கா. “நல்லாருக்கு” என்றது கூட்டம். “இது என்ன, வீங்கிப்போய்?” “பல்வலி அண்ணி.” “பாவம்.” இப்படியே ஒட்டகம், தூங்குமூஞ்சி எல்லாம் தாண்டி, கணவாய் வழியாகத் தெற்கு ஓரத்துக்கு வந்து சேர்ந்தார். இரண்டு விரல் சமவெளி. அப்புறம் மரவிளிம்பு. அப்புறம் நூலகத்தின் தரை.

“டேய்!” என்றார் அக்கா. நூலகத்தில் சத்தம் போடக் கூடாது என்ற பலகை லேசாக ஆடியது. “நம்ம மலை எங்கடா?”

கூட்டம் மொத்தமும் கணவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் மறுபடியும் மின்விசிறியைப் பார்த்தார். மேசையோரம் நின்ற நானும் பார்த்தேன். வேனில் வந்த ஒருவர் லேசாகச் சிரிக்க ஆரம்பித்தார்.

“அண்ணி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்று மலைக்காரம்மா முன்னால் வந்தார். “ரயில் பாதையில நிக்கிறீங்க.”

அக்கா சட்டென்று விலகினார். மலைக்காரம்மா கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். அதன் முனையைக் கணவாயில் வைத்து என்னைப் பிடிக்கச் சொன்னார். மேசை விளிம்பைத் தாண்டி, வெற்று வெளியில், நேர்தெற்கே நாடாவை இழுத்துக்கொண்டு போனார். ஓர் இடத்தில் நின்றார். அரை அடி இடது பக்கம் நகர்ந்தார். தரையில் சாக்பீசால் ஒரு பெருக்கல் குறி போட்டார். நேராகப் போய்க் கணவரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துவந்து அந்தக் குறியின்மேல் நிறுத்தினார்.

“கைய நீட்டுங்க. இப்படி இல்ல, உள்ளங்கை மேல.”

கைப்பைக்குள்ளிருந்து ஒரு சின்னத் துணி மூட்டை வந்தது. அவிழ்த்தார். பாதி எலுமிச்சை அளவில் ஒரு குன்று. அடியில் பச்சை, மேலே மொட்டைப் பாறை, கிழக்கே மட்டும் லேசாகச் சரிந்த தோள். அடிவாரத்தில் சிவப்பாக ஒரு புள்ளி. அதைக் கணவரின் உள்ளங்கையில் வைத்து, வடக்கு சரியாக வடக்கைப் பார்க்கும்படி திருப்பினார்.

அக்கா குனிந்து பார்த்தார். “இவ்வளவுதானா?”

“மூணு மடங்கு தூக்கினப்புறம் அண்ணி. மலைத்தொடர் அங்கயே முடிஞ்சுடுது. இது அதோட சேராது. தனி மலை. இத்தன பெரிய சமவெளியில துணைக்கு ஒரு மேடுகூட இல்லாம ஒத்தையா நிக்குது.”

அக்கா அந்தச் சிவப்புப் புள்ளியை வெகுநேரம் பார்த்தார். “இது நம்ம வீடுடா” என்றார், நூலகத்துக்குப் பொருத்தமான குரலில். பிறகு நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். பழைய குரல் திரும்பிவிட்டது. “கேட்டீங்கல்ல? தனி மலை! நம்ம மலைக்கு யார் தயவும் வேணாம்!” சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். நூலகர், “அதுவும் சரிதான்” என்றார்.

சொந்தங்கள் ஒவ்வொருவராக வந்து குன்றைப் பார்த்தார்கள். கணவர் அசையவில்லை. மூச்சுகூட மெதுவாகத்தான் விட்டார். தலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்துகொண்டே போனது. நேரம் ஆக ஆக, நீட்டிய கை மெல்லத் தாழத் தொடங்கியது.

மேசையின் அந்தக் கோடியிலிருந்து நூலகர் கூப்பிட்டார். படம் எடுக்க ஆள் வந்துவிட்டதாம். செய்தவர் மலைக்குப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டுமாம்.

மலைக்காரம்மா குனிந்து, ஒரு கண்ணை மூடி, மேசை விளிம்பையும் கணவரின் உள்ளங்கையையும் ஒரே மட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

“நான் இல்லாமலே எடுங்க சார். இங்க சமவெளி இறங்குது” என்று சொல்லிவிட்டு, கணவரின் முழங்கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்து, ஒரு நூல் அளவு உயர்த்தி, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.